டைனோசர் விட்டை: ஷோகேஸில் வைக்க எதை வாங்கலாம்?

யானைக்கு லத்தி, ஆட்டுக்குப் புழுக்கை, மாட்டுக்குச் சாணி. டைனோசருக்குத் தனிச்சொல் இல்லை. விட்டை என்றே வைத்துக்கொள்வோம். கல்லாகிப்போன விட்டைக்கு 1829-இல் ஆங்கிலேயப் புவியியலாளர் வில்லியம் பக்லண்டு வைத்த பெயர் கொப்ரோலைட். ஆன்லைனில் இரண்டு வகை அதிகம் கண்ணில் படும்.

ஒன்று, அமெரிக்காவின் யூட்டா பக்கமிருந்து வரும் பாலிஷ் போட்ட வில்லை. ஜுராசிக் காலத்து மாரிசன் பாறை அடுக்கைச் சேர்ந்தது. சாணம் இருந்த இடத்தை மணலிலுள்ள கனிமமான சிலிக்கா பிடித்து அகேட் என்னும் கடினமான கல்லாக மாறியிருக்கும். வாங்கத் தகுந்தது இதுதான். இன்ன டைனோசருடையது என்று பெயர் சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். வில்லையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

இன்னொன்று, வாஷிங்டன் மாநிலத்துப் பழுப்புக் கட்டி. சுருண்டு, நுனி கூராகி, இப்போதுதான் போட்டது மாதிரி இருக்கும். வில்லங்கமே அந்த அச்சு அசலான உருவத்தில்தான். அது டைனோசர்களுக்குப் பல கோடி ஆண்டுகள் பிந்திய மயோசீன் காலத்து சிடரைட், அதாவது ஓர் இரும்புக் கனிமம். டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டன. உள்ளே எலும்போ செதிலோ கிடையாது. சேறு பிதுங்கி இறுகியது என்போரும் உண்டு. வேடிக்கைப் பொருளாக மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், டைனோசர் விலைக்கு வேண்டாம்.

‘மதுரைப் பக்கம் எடுத்தது’ என்றால் பேச்சை அதோடு நிறுத்திவிடலாம். யானைமலை உட்பட இங்கே சுற்றியிருப்பது பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் போன்ற கடும்பாறை. வெந்து உருமாறிய பாறையில் விட்டை தங்காது.

வந்த கல்லைச் சோதிக்க நகை நிறுக்கும் சின்னத் தராசு போதும். முதலில் உலர்ந்த எடையைக் குறியுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, கல்லை நூலில் கட்டி முழுக்க முங்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. பட்டால் கணக்கு தப்பும். தராசு காட்டும் எண்ணால் உலர்ந்த எடையை வகுங்கள், கல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்று தெரியும். 106 கிராம் கல்லுக்கு 40 காட்டினால் 2.65, அகேட்டுக்குச் சரி. 3.5-ஐத் தாண்டினால் சிடரைட். 1.2 பக்கம் வந்தால் பிளாஸ்டிக் வார்ப்பு, திருப்பி அனுப்புங்கள். அகேட் கத்தி முனையில் கீறல் விழாது, சிடரைட்டில் விழும். பாலிஷ் போட்ட முகத்தில் கீறிப் பார்த்துவிடாதீர்கள்.

விரிசலை எபாக்சி பிசின் ஊற்றி அடைத்திருந்தால் வெயிலில் மஞ்சளாகும், மேற்கு ஜன்னலோரம் வேண்டாம். ஸ்டாண்டில் பசை போட்டு ஒட்டுவதும் சரிவராது, சித்திரை வெயிலுக்கு இளகிவிடும். தச்சரிடம் சொல்லி, வில்லையின் தடிமனைவிட ஒரு மில்லிமீட்டர் அகலமாகப் பள்ளம் வெட்டிய மரக்கட்டை வாங்கி, உள்ளே வெல்வெட் ஒட்டிக்கொள்ளுங்கள். துடைக்க ஈரத்துணி போதும். பித்தளைப் பாத்திரத்துக்குப் போடும் புளி, எலுமிச்சை பக்கமே வரக்கூடாது: அகேட் தாங்கினாலும், இடையில் ஓடும் கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தைப் புளிப்பு தின்று பளபளப்பைக் குழியாக்கிவிடும்.