பேடில் ஃப்ளோட்: ஊதும் வகையா, ஃபோம் வகையா?

நடுக்கடலில் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) கவிழ்ந்து ஆள் தண்ணீரில் கிடக்கிறார், பக்கத்தில் கைகொடுக்க இன்னொரு படகும் இல்லை. பேடில் ஃப்ளோட், அதாவது துடுப்பில் மாட்டும் மிதவை, அந்த நேரத்துக்கான பொருள். துடுப்பின் ஒரு முனையில் மாட்டினால், படகுக்குப் பக்கவாட்டில் ஒரு தாங்கல் கிடைக்கும்; அதைப் பிடித்து ஏறலாம்.

கடைகளில் அதிகம் கிடைப்பது வாயால் ஊதும் இரட்டை அறை வகை. ஒன்று கிழிந்தாலும் மற்றது தாங்கும், மிதப்புத் திறனும் அதிகம், மடித்தால் இருக்கைக்குப் பின்னால் அடங்கிவிடும். குறை எங்கே என்றால், ஊதுவதில்தான். 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் விழுந்தால் முதல் ஓரிரு நிமிடம் மூச்சே கட்டுக்குள் இருக்காது. சற்று நேரத்தில் விரல்கள் மரத்துவிடும். வால்வைத் திருகுவதே பெரும்பாடு. ஃபோம் வகை பருமனானது, மேல்தளத்தில் இடத்தை அடைக்கும், மிதப்பும் கொஞ்சம் குறைவு. ஆனால் மாட்டினால் வேலை முடிந்தது. குளிர்ந்த நீருக்கு ஃபோம். வெதுவெதுப்பான நீருக்கு ஊதுவது போதும்.

பயன்படுத்தும்போது படகை உடனே நிமிர்த்த வேண்டாம், உள்ளே கூடுதலாகத் தண்ணீர் ஏறும். கவிழ்ந்த நிலையிலேயே ஒரு காலைக் காக்பிட்டுக்குள் (ஆள் உட்காரும் குழி) நுழைத்து வைத்தால் படகு விலகிப் போகாது, இரண்டு கையும் ஊதக் கிடைக்கும். மிதவையைத் துடுப்பின் தட்டையான முனையான பிளேடில் செருகி, பட்டையின் கொக்கியைப் பூட்டிய பிறகே ஊதுங்கள். பூட்ட மறந்தால் முதல் அலையிலேயே கழன்றுவிடும். அப்புறம் படகை நிமிர்த்தி, துடுப்புத் தண்டைக் காக்பிட் விளிம்புக்குப் பின்னால் குறுக்காக வைத்து, இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து, பின்தளத்தில் குப்புற ஏறிக் கால்களை உள்ளே விட வேண்டும். மிதவை இருக்கும் பக்கமாகவே திரும்பி உட்காருங்கள். உடல் எடை மறுபக்கம் சாய்ந்தால் மிதவை தூக்கிக்கொள்ளும், மறுபடி கவிழ்வீர்கள். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். தண்டைத் தளத்துப் பட்டையில் இறுக்கிச் செருகுவது வசதிதான். ஆனால் அலை அடிக்கும்போது தண்டு முறியும் ஆபத்து உண்டு. கையால் பிடித்தால் நெகிழ்வு இருக்கும்.

ஏறியதோடு முடியவில்லை. காக்பிட்டில் நூறு லிட்டர் தண்ணீர்கூட நிற்கலாம். நிமிடத்துக்கு 30 லிட்டர் என்று போட்டிருக்கும் கைப்பம்பு, களைத்த கையில் அந்த வேகத்தைத் தராது. முதலில் ஸ்ப்ரே ஸ்கர்ட்டை (இடுப்பைச் சுற்றி அணிந்து காக்பிட் வாயை மூடும் உறை) முடிந்தவரை மாட்டி, இடுப்போரமாகப் பம்பை இறக்கி இறையுங்கள். திறந்தே வைத்தால் இறைக்க இறைக்க அலை நிரப்பிவிடும். அதுவரை மிதவையைக் கழற்றக் கூடாது.

விளம்பரப் படங்களில் கடல் கண்ணாடியாகக் கிடக்கிறது. காற்றின் வலிமையைச் சொல்லும் போஃபர்ட் அளவுகோலில் 3 வரை, அதாவது 7 முதல் 10 நாட் (ஒரு நாட் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) காற்றில், பழகியவருக்கு இது கைகொடுக்கும். 17 முதல் 21 நாட் வீசும் போஃபர்ட் 5-ல் கதையே வேறு. உங்களைக் கவிழ்த்த அதே அலை, ஏறி உட்கார்ந்த பிறகும் அங்கேயேதான் இருக்கும். காற்றின் வேகம் 10 நாட்டிலிருந்து 20 ஆனால் அதன் தள்ளுவிசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று இன்னும் மோசம்: கரையோரம் தண்ணீர் சாதுவாகத் தெரியும், தள்ளிப் போகப் போக அலை எழும்பும், படகைக் கைவிட்டால் நீந்திப் பிடிக்க முடியாது. ஆகவே இதை வாங்கிவிட்டோம் என்பதற்காக இறங்காதீர்கள். கிளம்பிய சில நிமிடங்களில் திரும்பிக் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டுப் பாருங்கள். அங்கேயே திணறினால் மேலே போக வேண்டாம்.

வாங்கும்போது உங்கள் துடுப்பைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். அகன்ற பிளேடுக்குத் தைத்த உறை, ஒடுங்கிய கிரீன்லாந்து வகைத் துடுப்பில் நிற்காமல் வழுக்கும். ஊதும் வகை என்றால் முழுக்க ஊதி ஓர் இரவு வையுங்கள். காலையில் தொளதொளத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.