தார் பாலையா, கட்ச் ரண்ணா? ஆறு நாள் கார்ப் பயணத்துக்கு ஓர் ஒப்பீடு

இந்தியாவின் மேற்கு எல்லையோரத்து வறண்ட நிலத்தைக் காரில் சுற்றிப் பார்க்க ஆறு நாள் ஒதுக்குகிறவர் இரண்டு வட்டாரங்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ராஜஸ்தானில் ஜோத்பூரில் தொடங்கிப் பொக்ரான், ஜெய்சல்மேர், பார்மேர் வழியாகத் திரும்பும் தார் பாலை ஒன்று. குஜராத்தில் புஜ் நகரை நடுவில் வைத்து, வடக்கே வெள்ளை ரண் என்னும் உப்புவெளி, வடகிழக்கே ஹரப்பா நகரமான தோலாவிரா, வடமேற்கே பழைய துறைமுகமான லக்பத் என்று மூன்று திசையிலும் விரியும் கட்ச் மற்றொன்று. இரண்டுக்கும் இடையே 500 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால், இரண்டையும் ஒரே பயணத்தில் அடக்க முயல்கிறவருக்கு நெடுஞ்சாலையைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்காது. ‘பாலைவனம்’ என்ற ஒரே பெயரால் இரண்டையும் அழைத்தாலும் இவை ஒன்றுக்கொன்று மாற்றாகக் கூடியவை அல்ல என்பதையும், எந்த வகைப் பயணிக்கு எது பொருந்தும் என்பதையும் இங்கே பார்க்கலாம்.

சென்று சேர்வதில் பெரிய வேறுபாடு இல்லை. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரை ஒட்டிய பகத் கி கோத்தி நிலையத்துக்கும், திருநெல்வேலியிலிருந்து புஜ்ஜுக்கு அருகிலுள்ள காந்திதாமுக்கும் வாராந்திர ரயில்கள் உள்ளன. ஜோத்பூரிலும் புஜ்ஜிலும் விமான நிலையம் உண்டு. சொந்தக் காரைத் தமிழ்நாட்டிலிருந்து ஓட்டிச் செல்வதைவிட, இந்த இரண்டு நகரங்களில் ஒன்றில் வாடகைக்கு எடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

நிலத்தின் தன்மையில்தான் முதல் பிரிவு தொடங்குகிறது. தாரில் மணல்மேடுகள் எங்கும் பரந்திருக்கும் என்று எதிர்பார்த்துச் செல்கிறவர் ஏமாறுவார். ஜெய்சல்மேருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள சாம், தென்மேற்கே உள்ள கூரி போன்ற சில இடங்களில்தான் படத்தில் காணும் மேடுகள் உள்ளன. பிற இடங்களில் கல்லும் சரளையும் முட்புதரும் நிறைந்த தட்டையான நிலமே கண்ணுக்கு எட்டும் தூரம்வரை தெரிகிறது. ஊர்ப்புறத்தில் நிழல் தருவது பெரும்பாலும் நம் வன்னி மரம். அங்கே அதற்குக் கேஜ்ரி என்று பெயர். அதன் நெற்றான சாங்ரியையும் கேர் என்ற காட்டுக் காயையும் உலர்த்தி வைத்துச் சமைக்கும் கறி, கம்பு ரொட்டியோடு எல்லா ஊர்களிலும் கிடைக்கிறது. கோயில் மரமாக மட்டுமே வன்னியை அறிந்த நமக்கு அதன் காயைத் தட்டில் பார்ப்பது வியப்பாக இருக்கும்.

கட்சில் மணல்மேடு கிடையாது. பெரிய ரண் ஒரு காலத்தில் கடலின் கையாக இருந்து மேடுதட்டிய உப்புச் சதுப்பு. தென்மேற்குப் பருவக்காற்று தள்ளிவரும் கடல்நீரும் மழைநீரும் அதை ஆண்டுதோறும் மூழ்கடிக்கின்றன. மழை ஓய்ந்தபின் அந்நீர் வற்றி, உப்புப் படலம் மட்டும் மிஞ்சுகிறது. ஆகவே ரண் என்பது இடம் மட்டுமன்று, ஒரு பருவமும்கூட. அக்டோபரில் போனால் சேறுதான். மழை மிகுந்த ஆண்டுகளில் டிசம்பர் முற்பாதியிலும் நீர் நிற்பதுண்டு. வெண்மையான தரையைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர் டிசம்பர் பிற்பாதிக்கும் பிப்ரவரிக்கும் இடையே செல்வது நல்லது. தாருக்கு இத்தனை துல்லியமான காலக் கணக்குத் தேவையில்லை. நவம்பரிலிருந்து மார்ச் தொடக்கம்வரை எந்த வாரமும் ஏற்றதே. கோடையில் மட்டும் அந்தப் பக்கம் தலைவைக்கக் கூடாது: ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் இடைப்பட்ட பலோதியில் 2016 மே 19 அன்று 51 பாகை செல்சியஸ் பதிவாகியிருக்கிறது.

அந்தப் பலோதிதான், குளிர்காலத்தில் செல்கிறவருக்குத் தாரின் மிகச் சிறந்த காலைப்பொழுதைத் தரும் ஊரும் ஆகும். அதை ஒட்டிய கீச்சன் கிராமத்துக்கு மத்திய ஆசியாவிலிருந்து ஆயிரக்கணக்கான சிறு கொக்குகள் வலசை வருகின்றன. கிராமத்தார் தலைமுறைகளாகத் தானியம் இறைத்து அவற்றைப் பேணிவருகிறார்கள். ஜோத்பூரிலிருந்து நேரே ஜெய்சல்மேருக்கு விரையும் பலரும் இந்த ஊரைத் தவறவிடுகிறார்கள். மாறாக, பொக்ரானில் நின்று பார்க்க அதிகமில்லை. 1974 மே 18 அன்றும் 1998 மே 11, 13 ஆகிய நாள்களிலும் அணுகுண்டுச் சோதனை நடந்த இடம் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. அப்துல் கலாமின் பெயரோடு பிணைந்த ஊர் என்பதற்காகப் பெயர்ப்பலகை முன் படம் எடுத்துக்கொள்ளும் தமிழர்களுக்கு அங்குள்ள செங்கல்நிறக் கோட்டையே ஆறுதல்.

ஊர்களைப் பொறுத்தவரை தாரின் கை ஓங்கியிருப்பதை மறுக்க முடியாது. 1156-இல் ராவல் ஜைசல் நிறுவிய ஜெய்சல்மேர்க் கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். மஞ்சள் மணற்கல்லில் செதுக்கிய வணிகர் மாளிகைகளும் சமணக் கோயில்களும் நடந்தே பார்த்துவிடும் தொலைவில் உள்ளன. இரவில் மாங்கணியார் இசைக்கலைஞர்கள் வில்லால் இசைக்கும் கமாய்ச்சா என்ற நரம்புக் கருவியின் ஒலியைக் கேட்பதற்காகவே அங்கு ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம். ஆனால் கோட்டைக்குள் இருக்கும் விடுதிகளில் தங்குவதைத் தவிர்க்கும்படியே சொல்வேன். மழை அரிதான ஊரில், குடம் சுமந்து நீர் கொண்டுவந்த காலத்துக்காகக் கட்டப்பட்ட அக்கோட்டையில், குழாய் நீரும் கழிவுநீரும் கசிந்து குன்றின் அடித்தளத்தை நெகிழவைத்துள்ளன. சில கொத்தளங்கள் இடிந்தும் உள்ளன. வெளியே தங்கினால் கோட்டை முழுவதும் கண்முன் தெரியும் என்பது கூடுதல் லாபம்.

சாம் மணல்மேட்டைப் பற்றிக் கடுமையாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. வரிசையாகக் கூடாரங்கள், ஒலிபெருக்கியில் திரைப்பாடல், மணலைக் கிழித்துக்கொண்டு ஓடும் ஜீப்புகள் என்று அது பாலையை ஒரு கண்காட்சித் திடலாக்கி வைத்திருக்கிறது. கூரியில் மேடுகள் சிறியவை, ஆனால் அமைதி எஞ்சியிருக்கிறது. கட்சும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பவில்லை: தோர்டோவில் குளிர்காலம் முழுவதும் நடக்கும் ரண் உற்சவத்தின் கூடார நகரம் விலையிலும் கூட்டத்திலும் சாமுக்குச் சளைத்ததன்று. எனினும் அங்கே மாற்று உண்டு. வழியில் பன்னி என்ற புல்வெளிப் பகுதியிலுள்ள ஹோட்கா போன்ற கிராமங்களில், புங்கா எனப்படும் வட்ட வடிவ மண்வீடுகளில் தங்கலாம். 2001 ஜனவரி 26-ஆம் நாள் நிலநடுக்கம் புஜ்ஜின் அடுக்குக் கட்டடங்களைச் சரித்தபோது, இந்த வட்ட வீடுகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. அந்த இழப்பின் நினைவாகப் புஜ்ஜில் 2022-இல் திறக்கப்பட்ட ஸ்மிருதிவனம் அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது கொடுக்க வேண்டும். கட்சின் ஊர்கள் ஏன் புதியனவாகத் தோன்றுகின்றன என்பது அதைப் பார்த்தபின்பே விளங்கும்.

ஊர்களில் தோற்கும் கட்ச், சாலையில் வெல்கிறது. ஜெய்சல்மேரிலிருந்து ராம்கர் வழியாகத் தனோட்டுக்குச் செல்லும் ஏறக்குறைய 120 கிலோமீட்டரும் குறைவற்ற சாலைதான். வெடிக்காமல் போன பாகிஸ்தான் குண்டுகளைக் காட்சிக்கு வைத்து எல்லைப் பாதுகாப்புப் படையினர் பராமரிக்கும் தனோட் மாதா கோயிலையும், 1971 டிசம்பரில் இந்தியாவின் சிறு காலாட்படைப் பிரிவு ஒன்று பாகிஸ்தான் டாங்கிகளை இரவு முழுவதும் தடுத்து நிறுத்திய லோங்கேவாலாவையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். ஆனால் அந்தப் பயணத்தில் சாலை என்பது போய்ச் சேர்வதற்கான வழி மட்டுமே. பார்க்க வேண்டியது அதன் முடிவில் இருக்கிறது. புஜ்ஜுக்கு வடக்கே உள்ள காவ்டாவுக்கும் தோலாவிராவுக்கும் இடையே ரண்ணைக் குறுக்காக வெட்டிச் செல்லும் சுமார் 30 கிலோமீட்டர்ச் சாலையிலோ, இரு பக்கமும் பருவத்துக்கேற்ப நீரோ உப்போ தவிர வேறொன்றும் இல்லாமல், வண்டி ஓடுவதே காட்சியாகிவிடுகிறது. இந்தச் சாலை வருவதற்குமுன் புஜ்ஜிலிருந்து பச்சாவ், ராப்பர் என்று சுற்றிக்கொண்டு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டித்தான் தோலாவிராவை அடைய முடிந்தது. போகும் வழியில் 462 மீட்டர் உயரமுள்ள காலா டுங்கர் குன்றின்மேல் ஏறி நின்றால், கடக்கப்போகும் வெண்பரப்பு முழுவதும் கீழே விரிந்து கிடக்கும்.

தோலாவிராவுக்கு இணையாக நிறுத்தத் தாரில் ஒன்றுமில்லை என்பதே என் கணிப்பு. 2021-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இந்த ஹரப்பா நகரம், மழைக்காலத்தில் மட்டும் ஓடும் இரண்டு ஓடைகளுக்கு நடுவே, அவற்றின் நீரைத் திருப்பிப் பாறையில் குடைந்தும் கல்லால் கட்டியும் உருவாக்கிய நீர்த்தேக்கங்களில் சேமித்து நிலைத்தது. வடக்கு வாயிலருகே கிடைத்த, பத்துப் பெரிய எழுத்துகள் கொண்ட பலகையை இன்னும் யாரும் வாசித்து முடிக்கவில்லை. பார்மேரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள கிராடுக் கோயில்கள் அழகில் குறைந்தவை அல்ல. இருட்டியபின் அங்கே தங்குகிறவர் கல்லாகிவிடுவார் என்ற கதை வேறு இருப்பதால் மாலையில் அங்கே ஆள் அரவமே இருக்காது. ஆனால் அவற்றைப் போன்ற சிற்பக் கோயில்களை வேறிடத்தும் காணலாம்.

கைவினையை விரும்புகிறவருக்குத் தேர்வு இன்னும் எளிது. ஜெய்சல்மேரில் பெரும்பாலும் கடைகளையே பார்ப்பீர்கள். கட்சில் பட்டறைகளையே பார்க்கலாம். புஜோடியில் தறி, அஜ்ரக்பூரில் அவுரியும் மஞ்சிட்டியும் கொண்டு சாயமேற்றும் அச்சுத்துணி, நிரோணாவில் காய்ச்சிய ஆமணக்கெண்ணெயைக் கம்பி நுனியால் இழுத்துத் துணியில் வரையும் ரோகன் கலை ஆகியவை அனைத்தும் புஜ்ஜிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் உள்ளன.

இரண்டு நிலங்களும் அவற்றுக்குரிய காயங்களோடுதான் இருக்கின்றன. பன்னிப் புல்வெளியில் உவர் பரவுவதைத் தடுக்க 1960-களில் வனத்துறை விதைத்த சீமைக்கருவேலம் இன்று மேய்ச்சல் நிலத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது. இராமநாதபுரத்துக்காரர் எவருக்கும் அந்தக் காட்சியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஜெய்சல்மேர்ப் பக்கம் காற்றாலைகளின் மின்கம்பிகளில் மோதி, அழிவின் விளிம்பிலுள்ள பெரிய புல்வெளிப் பறவையான கானமயில்கள் இறந்ததால் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அப்பறவைகளில் பெரும்பகுதி அங்கேதான் எஞ்சியுள்ளது. கட்சின் நலியாப் புல்வெளியில் மிஞ்சியவை ஒருசில பெட்டைகளே.

நடைமுறைக் குறிப்புகள் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெள்ளை ரண்ணுக்குள் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். அடையாள அட்டையின் நகல்களோடு பீரண்டியாராச் சாவடியில் பெறலாம், அங்கேயே எருமைப்பாலில் செய்யும் மாவா என்ற இனிப்பையும் சுவைக்கலாம். காவ்டாவைத் தாண்டினாலும் ராம்கரைத் தாண்டினாலும் எரிபொருளை நம்பியிருக்க முடியாது என்பதால் இரண்டு ஊர்களிலும் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டும். இருட்டியபின் ஓட்டுவதை இரு வட்டாரங்களிலும் தவிர்க்க வேண்டும்: தாரில் ஒட்டகமும் பசுவும், கட்சில் எருமை மந்தையும் சாலையில் படுத்திருக்கும். குஜராத்தில் மதுவிலக்கு உண்டென்பதைச் சிலருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நட்புக்கு நல்லது.

ஆகவே, முதியவர்களையும் சிறுவர்களையும் அழைத்துக்கொண்டு முதன்முறை செல்கிற குடும்பத்துக்குத் தாரையே பரிந்துரைப்பேன். ஜெய்சல்மேர் ஒன்றிலேயே மூன்று இரவுகள் தங்கி, நாளுக்கு ஒரு திசையாகச் சென்று திரும்பினால் யாருக்கும் களைப்புத் தெரியாது. வண்டி ஓட்டுவதையே பயணமாகக் கொள்கிறவருக்கு, குறிப்பாக ஒருமுறை ராஜஸ்தானைப் பார்த்துவிட்டவருக்கு, கட்சுதான். அவர் ஐந்தாம் நாளைக் கட்டாயம் லக்பத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். சிந்துவின் கிளை ஒன்று ஓடியபோது துறைமுகமாகச் செழித்த ஊர் அது; 1819 நிலநடுக்கம் நிலத்தை உயர்த்தி அந்த நீரைத் திருப்பிவிட, 1801-இல் எழுப்பிய ஏறக்குறைய 7 கிலோமீட்டர் மதிலுக்குள் இன்று சில குடும்பங்களும், ஒரு பழைய குருத்வாராவும், சில கல்லறைகளும் மட்டுமே இருக்கின்றன. மதில்மேல் நின்று மேற்கே பார்த்தால், கப்பல் வந்த இடத்தில் ஈரமண் மினுங்குகிறது. இரவு தங்க அங்கே விடுதி தேட வேண்டாம். பொழுது சாய்வதற்குள் கிளம்பினால் 35 கிலோமீட்டருக்குள் நாராயண் சரோவரின் தர்மசாலைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.