லின்வுட்டில் பிறந்த காரும் அதைச் சுற்றியுள்ள மனிதர்களும்: ஹில்மன் இம்ப் அனுபவம்

பழைய கார் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: காரைத் தேடுவதற்கு முன் அந்தக் காரை வைத்திருப்பவர்களைத் தேடுங்கள். நான் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லியில் குடியிருக்கிறேன். ஹில்மன் இம்ப் என்கிற பழைய சின்னக் காரை வாங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. அது இன்னும் ஓடுகிறது என்றால் எங்கள் பக்கத்து இம்ப் உரிமையாளர் குழுதான் காரணம். அதனால் இந்தப் பதிவில் காரைவிட அந்தக் குழுவைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

கார் 1963 மே மாதம் வெளிவந்தது. பெய்ஸ்லிக்குப் பக்கத்திலேயே இருக்கும் லின்வுட்டில் ரூட்ஸ் நிறுவனம் புதிதாகக் கட்டிய தொழிற்சாலையில் தயாரானது. கிளைடு ஆற்றங்கரையில் கப்பல் கட்டும் தளங்கள் நலிந்துகொண்டிருந்த நேரம் அது. அங்கே வேலை போனவர்களுக்கு ஒரு வழி வேண்டும் என்று அரசாங்கம் நெருக்கியதால்தான் இங்கிலாந்துக் கம்பெனி இவ்வளவு வடக்கே வந்தது. எஞ்சின் 875 சிசி, முழுக்க அலுமினியம். காரின் பின்பக்கத்தில் 45 டிகிரி சாய்த்து வைத்திருப்பார்கள். அதன் வார்ப்புகளை லின்வுட்டில் ஊற்றி, கடைசலுக்கும் பூட்டுவதற்கும் சுமார் 300 மைல் தள்ளிக் கோவென்ட்ரி பக்கம் அனுப்பி, எஞ்சினாகத் திரும்ப வரவழைத்துக் காரில் ஏற்றுவார்கள். 1976-இல் இம்ப் தயாரிப்பு நின்றது. 1981-இல் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். எங்கள் குழுவின் பெரியவர்களில் சிலர் அங்கே வேலை பார்த்தவர்கள். மூடிய கதையை இன்றைக்கும் அவர்களால் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை.

அலுமினிய எஞ்சினுக்கு அதிகச் சூடு ஒத்துக்கொள்ளாது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கொஞ்சம் குறைந்தாலும், எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும். என் காரை முதலில் விட்ட பணிமனையில் ஹெட் போல்ட்டுகளை இரும்பு எஞ்சினுக்கு முறுக்குவதுபோல முறுக்கிவிட்டார்கள், மரை கழன்று வந்துவிட்டது. குழுவில் ஒரு பெரியவர் தன் ஷெட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். பழுதான ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதற்குள் கம்பிச்சுருள் ஒன்றை மெதுவாகத் திருகி இறக்கினார். பிறகு முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சை என் கையில் கொடுத்து, "தம்பி, ஒரே மூச்சில இழுக்காதே. நடுவில ஆரம்பிச்சு வெளியே போ, கொஞ்சம் கொஞ்சமா" என்றார். ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும்வரை பக்கத்திலேயே நின்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு பழைய காரின் தகட்டைத் தின்றுவிடும். ஆகவே அக்டோபர் கடைசியில் இம்ப்புகளை எல்லாம் ஷெட்டில் போட்டு மூடிவிடுவோம், வசந்தத்தில்தான் வெளியே எடுப்போம். கார் இல்லாத அந்த மாதங்களிலும் கூட்டம் நடக்கும். தேநீர், ஷார்ட்பிரெட், பேச்சு. ஸ்காட்லாந்தின் பழக்கவழக்கங்கள் எனக்குப் பழகியது அந்த மேசையைச் சுற்றித்தான்.

அதில் என் மனதுக்கு மிக நெருக்கமானது பெய்ஸ்லி நெசவாளர்களின் ஸ்மா ஷாட் நாள். நம் பட்டுப்புடவையில் மாங்காய் என்று சொல்கிறோமே, அந்த வடிவம் போட்ட சால்வைகளுக்குப் பேர்போன ஊர் இது. வண்ண நூல்களை இறுக்கிப் பிடிக்கும் ஒரு மெல்லிய நூல் சால்வைக்குள் ஓடும், வெளியே தெரியாது. தெரியாத நூலுக்குக் கூலி கிடையாது என்று முதலாளிகள் சொன்னார்கள். அது இல்லாமல் சால்வை நிற்காது என்று நெசவாளர்கள் போராடி 1856-இல் ஜெயித்தார்கள். ஜூலை முதல் சனிக்கிழமை மேளம் அடித்து ஊர்வலம் போய், முதலாளியின் உருவபொம்மையைக் கொளுத்துவார்கள். லின்வுட்டில் வேலை பார்த்த பெரியவர்கள் இதைச் சொல்லும்போது அவர்கள் குரலே மாறும். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த நாள் சொந்தப் பண்டிகை மாதிரி ஆகிவிட்டது.

ஜூலை நடுவில் கிளாஸ்கோ ஃபேர் என்கிற கோடை விடுமுறை. ஒரு காலத்தில் ஆலைகள் எல்லாம் ஒன்றாக மூடி, ஊரே கிளைடு வழியாக டனூன், ரோத்சே என்று கடற்கரை ஊர்களுக்குக் கிளம்பிவிடும். இம்ப்பின் பின் கண்ணாடி மேலே திறக்கும், அந்த வழியாகப் பெட்டி படுக்கையைத் திணித்துக்கொண்டு போன கதை ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறது.

ஹாக்மனே என்கிற வருடக் கடைசி இரவு இங்கே கிறிஸ்துமஸைவிடப் பெரிது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறை ஆனதே 1958-இல்தான். ஆனால் ஜனவரி 2-க்கும் இங்கே விடுமுறை உண்டு. ஹாக்மனே அன்றைக்கு வீட்டைக் கூட்டிப் பெருக்கி, அடுப்புச் சாம்பலை வெளியே கொட்டி, கடனையெல்லாம் அடைத்துவிட வேண்டும். கேட்டதும் எனக்குப் போகிதான் ஞாபகம் வந்தது. நள்ளிரவுக்குப் பிறகு முதலில் வாசல் மிதிப்பவர் உயரமான, கறுத்த தலைமுடிக்காரராக இருந்தால் அந்த வீட்டுக்கு நல்லது. பொன்னிற முடிக்காரர் வந்தால், அந்தக் காலத்தில் கடல் வழியே வந்து கொள்ளையடித்த வைக்கிங் வந்த மாதிரி என்பார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, மரை போட்டுத் தந்த அதே பெரியவர் என் தலையைப் பார்த்தார். "இந்த வருஷம் நீயே வந்துடு, தம்பி." நிலக்கரித் துண்டு, ஷார்ட்பிரெட், விஸ்கி மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். அவருடைய மனைவி கரியை வாங்கி நேராக நெருப்பில் போட்டார், பிறகுதான் எல்லாரும் கைகுலுக்கினோம். இப்போது அந்தத் தெருவில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் எனக்காகக் காத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய மரியாதை இந்த ஊரில் எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, குறைகள். பெரியவர்கள் வேகமாகப் பேசினால் ஆரம்பத்தில் பாதிதான் புரியும். மறுபடி கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். குழுவில் இளைஞர்கள் குறைவு, அது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. கை சொல்லித் தந்தால்தான் வருகிற வேலைகள் நிறைய இருக்கின்றன. சில உதிரிபாகங்கள் புதிதாகச் செய்தே கிடைக்கின்றன, சிலவற்றுக்கு உடைத்த காரைத்தான் நம்ப வேண்டும். இரண்டுக்குமே குழுவில் ஆள் தெரிந்திருந்தால் அலைச்சல் மிச்சம்.

இம்ப் வாங்கும் எண்ணம் இருந்தால் குளிர்காலக் கூட்டத்துக்கு முதலில் வாருங்கள், கார் இல்லாமலே வரலாம். ஜனவரி 25-ஐ ஒட்டிக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவாக விருந்து நடக்கும். பேக்பைப் இசையோடு ஹாகிஸைத் தூக்கி வந்து, அதைப் பார்த்தே கவிதை சொல்லி, கத்தியால் கீறித் திறப்பார்கள். ஆட்டு ஈரலும் நுரையீரலும் ஓட்ஸும் சேர்த்த பண்டம் அது. சாப்பிட மாட்டீர்கள் என்றால் முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள், பருப்பு போட்ட சைவ ஹாகிஸைத் தனியாக எடுத்து வைப்பார்கள்.