முழுக் கூட்டத்தோடு போனால் எந்தக் கப்பலில் இடம் மிஞ்சும்?

சிங்கப்பூரிலிருந்து மூன்று, நான்கு இரவுக் கப்பல் பயணம் போவது கொழும்புக் குடும்பங்களுக்கு இப்போது புதிதல்ல. குடும்ப ஒன்றுகூடல் என்றால் ரொறன்ரோ உறவுகள் மயாமியைச் சொல்வார்கள், லண்டன் உறவுகள் பார்சலோனாவைச் சொல்வார்கள். எங்கிருந்து ஏறினாலும் விளம்பரம் ஒன்றுதான்: இதுதான் உலகத்திலேயே பெரிய கப்பல், இத்தனை டெக், இத்தனை நீச்சல் தடாகம். அம்மம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏறுபவருக்கு இந்தத் தகவல்களால் பெரிய பயன் இல்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும், அந்த இடம் கப்பலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற இரண்டும்தான் அவருக்குத் தெரியவேண்டும்.

முதல் கேள்விக்குக் கப்பல் துறையிலேயே ஒரு கணக்கு உண்டு. கப்பலின் மொத்தத் தொன் எண்ணைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். இந்தத் தொன் எடை அல்ல. 1969ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைப்படி, கப்பலின் மூடிய பகுதிகளின் கனவளவிலிருந்து வருகிற எண் அது. இயந்திர அறை, சமையற்கூடம், ஊழியர் தங்குமிடம் எல்லாம் அதற்குள் அடக்கம். வானம் பார்த்த திறந்த டெக் சேராது. விடை 30ஐ ஒட்டி வந்தால் நெரிசல், 40க்கு மேல் வந்தால் தாராளம், 50ஐத் தாண்டினால் ஆடம்பரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். கொழும்புத் துறைமுகத்துக்கும் வந்துபோகும் குயீன் மேரி 2இல் அது 55 அளவில் இருக்கிறது. 2023இல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்த எம்பிரஸ் 1990இல் கட்டிய கப்பல், அதில் சுமார் 30.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. வகுப்பதற்கு எடுக்கும் எண், கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொண்ட எண். மூன்றாவது, நான்காவது கட்டில்கள் அதில் இல்லை. ஆனால் நம்மவர்கள் போவது ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் பள்ளி விடுமுறையில். அப்போது சோபாவும் கட்டிலாகும், சுவரிலிருந்து இறங்கும் மேல் கட்டிலும் நிரம்பும். ஆகவே உச்சக் கொள்ளளவால் வகுத்துப் பார்ப்பதுதான் சரி.

ரோயல் கரீபியன் நிறுவனத்தின் ஐகன் ஒஃப் த சீஸ் 248,663 தொன். கேபினுக்கு இருவர் என்றால் 5,610 பேர், விடை 44. உச்சம் 7,600 பேர், விடை 33க்கு இறங்கிவிடுகிறது. வொண்டர் ஒஃப் த சீஸ் இருவர் கணக்கில் 41, நிரம்பினால் 34. சிங்கப்பூரில் நின்று ஓடிய அன்தம் ஒஃப் த சீஸ் 168,666 தொன், 4,180 பேருக்கு 40, உச்சமான 4,905 பேருக்கு 34. எம்.எஸ்.சி வேர்ல்ட் யூரோப்பா 215,863 தொன், 41இலிருந்து 32. சிங்கப்பூருக்கென்றே வரும் டிஸ்னி அட்வென்ச்சர் 208,000 தொன், சுமார் 6,700 பேர், அதாவது 31. ஜேர்மனியின் விஸ்மாரில் வேறு பெயரில், 9,000க்கு மேற்பட்ட பயணிகளுக்கென்று கட்டத் தொடங்கிய கப்பல் அது. டிஸ்னி வாங்கிப் பயணிகளைக் குறைத்தது நல்லதாயிற்று.

நிரம்பிவிட்டால் எல்லாமே 31இலிருந்து 34க்குள் வந்து நிற்கின்றன. ஒன்றரை லட்சம் தொன்னோ இரண்டரை லட்சம் தொன்னோ, விடுமுறைக் காலத்தில் ஒரு ஆளின் பங்கு ஏறத்தாழ ஒன்றுதான். கார்னிவலின் மார்டி க்ரா மட்டும் இருவர் கணக்கிலேயே 34, நிரம்பினால் இன்னும் இறங்கும். இந்த நிலையில் ஒரு கப்பலையும் இன்னொன்றையும் வேறுபடுத்துவது அமைப்புதான். கூட்டத்தை ஒரே இடத்தில் குவிக்கும் கப்பலில் 34உம் நெரிசலாகத்தான் தெரியும், நாலு பக்கமும் பிரித்துவிடும் கப்பலில் 32உம் தாங்கும்.

பழைய கப்பல்கள் பனாமாக் கால்வாயின் பழைய நீர்ப்பூட்டுகளுக்குள் (கப்பலை ஏற்றி இறக்கும் தொட்டிகள்) நுழையவேண்டி 32 மீட்டர் அகலத்தைத் தாண்டவில்லை. புதியவை 41 மீட்டர், 47 மீட்டர் என்று விரிந்துவிட்டன. அகலம் கூடினால் நடுப்பகுதிக்கு யன்னல் இல்லாமல் போகும். 2009இல் ஒயாசிஸ் ஒஃப் த சீஸ் இதற்கு ஒரு வழி கண்டது. மேல்கட்டடத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து நடுவில் வானம் பார்த்த முற்றம் வைத்தார்கள். உண்மையான செடிகொடிகள் உள்ள பூங்கா ஒன்று, பின்பக்கத்தில் கடற்கரைச் சந்தை மாதிரி ஒரு வெளி. இன்றைய பெரிய கப்பல்களில் பல இதன் வாரிசுகள்தான். வேர்ல்ட் யூரோப்பா பின்பக்கத்தை மட்டும் பிளந்து, கடலைப் பார்த்துத் திறக்கும் 104 மீட்டர் நடைவெளி வைத்திருக்கிறது. டிஸ்னி அட்வென்ச்சரும் நடுமுற்றக் கப்பல்தான்.

ஐகன் இந்த அமைப்பை ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கிறது. ஒயாசிஸ் வகையில் பின்முற்றத்தில் இருந்த நீர்க்காட்சி அரங்கை முன்பக்க உச்சியில், கண்ணாடிக் குவிமாடத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். காலியான பின்முற்றம் சிறுபிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு. ராட்டினம், தண்ணீர் விளையாட்டு, பெரியவர்கள் உட்காரும் தடாகம், பக்கத்திலேயே கட்டணத்துக்குள் அடங்கிய சாப்பாட்டுக் கூடம் எல்லாம் ஒரே மட்டத்தில். நாலு வயதுப் பிள்ளைக்குப் பசித்தால் லிப்டுக்கு நின்று பல மாடி ஏறி பஃபேக்குப் போகவேண்டியதில்லை. அந்தக் குடும்பங்கள் கீழேயே நிற்பதால் மேலே பஃபேயிலும் கூட்டம் குறைகிறது. ஏழு தடாகங்களும் சிதறிக் கிடப்பதால் ஒரே தடாகத்தைச் சுற்றிக் கதிரை பிடிக்கும் போட்டியும் தளர்கிறது. 7,600 பேரோடும் ஐகன் மூச்சு முட்டாமல் இருப்பதற்குக் காரணம் அதன் தொன் அல்ல, இந்தப் பிரிப்புத்தான். குறை நீளத்தில் இருக்கிறது. 365 மீட்டர் கப்பலில் முன்னால் ஒரு நிகழ்ச்சி, பின்னால் சாப்பாடு என்றால் முழங்கால் வலிக்காரர் பாடு கஷ்டம். அந்தக் கப்பலில் வயதானவர்களுக்கு எந்த டெக் என்று பார்ப்பதைவிட எந்த லிப்டுக்குப் பக்கம் என்று பார்ப்பதே முக்கியம்.

சிங்கப்பூரில் ஏறுவோருக்கு என் தெரிவு அன்தம் உள்ள குவாண்டம் வகை. காரணம் மழை. டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை பிடித்தால் திறந்த டெக்கில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் கப்பலின் உண்மையான இடவசதி வெளியே தெரிந்துவிடும். குவாண்டம் வகையில் கூரை மூடக்கூடிய தடாகம், பெரியவர்களுக்கான கண்ணாடிக்கூரைப் பகுதி, மோதும் கார் ஓடும் உள்ளரங்கு, பின்பக்கத்தில் உயர்ந்த கண்ணாடிச் சுவரோடு காட்சி மண்டபம் என்று கூட்டத்தை வாங்கிக்கொள்ளும் இடங்கள் தாராளம். பலவீனமான இடம் கடைத்தெரு. கப்பலின் அளவுக்கு அது ஒடுக்கம், பின்மண்டபத்தில் காட்சி முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது அடைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தால் போதும்.

அதே துறையில் ஏறும் கெண்டிங் ட்ரீம் 150,695 தொன்னுக்கு இருவர் கணக்கில் 3,352 பேர், விடை 45. எண்ணில் அதுதான் மேல். ஆனால் அந்த இடத்தில் ஒரு பகுதி பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது. பலஸ் என்ற உயர்வகுப்புப் பகுதிக்குத் தனித் தடாகம், தனி உணவகம், தனி டெக். எம்.எஸ்.சியின் யாட் கிளப், நோர்வீஜியனின் ஹேவன் எல்லாம் இதே ஏற்பாடுதான். மற்றப் பயணிகள் கால்வைக்க முடியாத அந்த இடமும் கணக்கில் சேர்ந்திருக்கிறது, ஆகவே சாதாரண பல்கனிக் கேபின்காரருக்கு 45 முழுதாகக் கிடைக்காது. அப்படியிருந்தும் 8ஆம் டெக்கில் வெளி நடைபாதை இருப்பதால் மாலையில் காற்று வாங்க நல்ல கப்பல் என்றே சொல்வேன்.

நோர்வீஜியன் பிரிமாவின் 46 வேறு விதமாக ஏமாற்றும். 8ஆம் டெக்கைச் சுற்றி 44,000 சதுர அடி வெளி நடைவெளி கொடுத்திருக்கிறார்கள், மிக அழகான ஏற்பாடு. உச்சியிலோ சிறு பந்தயக் கார்கள் ஓடும் மூன்று மட்ட ஓட்டப்பாதை வெயில் டெக்கை விழுங்கிவிட்டது, பிரதான தடாகம் 3,100 பேருக்குப் போதாது. கடலில் கழியும் நாளில் இது நன்றாகத் தெரியும். அடுத்து 2025இல் வந்த அக்வாவில் அந்த ஓட்டப்பாதையை எடுத்துவிட்டுக் கப்பலையும் 294 மீட்டரிலிருந்து 322 மீட்டராக நீட்டினார்கள்.

கேபினுக்கு வருவோம். கப்பல் பெருத்ததற்காகக் கேபின் பெருக்கவில்லை. ஐகனில் யன்னலில்லாத உள்ளறை 156 சதுர அடி, அன்தமில் சுமார் 166. 156 என்றால் 12 அடிக்கு 13 அடி, குளியலறையும் அதற்குள்தான். பல்கனிக் கேபின் ஐகனில் 204 சதுர அடியும் 50 சதுர அடிப் பல்கனியும், அன்தமில் 198உம் 55உம். நாலு பேர் படுக்கும்போது என்ன நடக்கும் என்று பாருங்கள். சோபாவை விரித்தால் அதன் கால்மாடு பெரும்பாலும் பெரிய கட்டிலை முட்டும், பல்கனிக்குப் போகும் வழி அடைபடும். மேல் கட்டிலுக்கு ஏணி வைக்கவேண்டும், அந்த ஏணியின் அடி வழமையாக மேசை முன்னால் வரும். இரவில் குளியலறைக்குப் போகிற அப்பப்பா இருட்டில் இதையெல்லாம் தாண்டவேண்டும். பெட்டிகளை வெறுமையாக்கி ஒன்றுக்குள் ஒன்று வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். சுவர் உலோகம் என்பதால் காந்தக் கொளுக்கிகள் ஒட்டும். ஈரத்துணி, பை, தொப்பி எல்லாம் சுவருக்குப் போனால் தரையில் நடக்க வழி கிடைக்கும்.

நாலு பேருக்கு ஒரு பல்கனிக் கேபினா, இடைக்கதவு திறக்கும் இரண்டு உள்ளறைகளா என்றால் இரண்டு உள்ளறைகளையே எடுக்கச் சொல்வேன். இரண்டு குளியலறை கிடைப்பது பல்கனியை விடப் பெரிய வசதி. துறைமுகத்தில் இறங்கும் காலையில் அது நன்றாக விளங்கும். வெளிச்சமில்லாத அறை மனதுக்குப் பிடிக்காது என்பவர்களுக்காக குவாண்டம் வகையில் உள்ளறைச் சுவரில் 80 அங்குலத் திரை வைத்து வெளிக்கடலை நேரடியாகக் காட்டுகிறார்கள்.

முற்றத்தைப் பார்க்கும் பல்கனி விலை குறைவு. எதிரே இருப்பதும் பல்கனிகள்தான், திரைச்சீலை திறந்தால் எதிர்வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். வொண்டரில் பின்முற்றப் பக்கம் எடுத்தால் நீர்க்காட்சியைப் பல்கனியிலிருந்தே பார்க்கலாம், ஆனால் அது முடியும்வரை குழந்தை தூங்காது. பூங்காப் பக்கம் அமைதி. புதிய கப்பல்கள் சிலவற்றில் வரும் இன்ஃபினிட் பல்கனி பற்றியும் யோசியுங்கள். பல்கனியைத் தனியாக வைக்காமல் அறையோடு சேர்த்து, மேற்பாதிக் கண்ணாடி பட்டனில் இறங்கும்படி செய்திருக்கிறார்கள். அறை பெரிதாகத் தெரியும். செலிபிரிட்டியின் எட்ஜ் வகையில் கண்ணாடியை இறக்கினால் ஏசி நின்றுவிடும். நம் பக்கத்து வெக்கையில் ஐந்து நிமிடத்தில் மூடிவிடுவீர்கள்.

டெக் பிளானை, அதாவது ஒவ்வொரு டெக்கின் வரைபடத்தை, கைபேசியில் பார்த்துத் திருப்திப்படவேண்டாம். பெரிய திரையில் மூன்று டெக்கை அடுத்தடுத்துத் திறந்து, உங்கள் கேபினுக்கு நேர் மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலும் கீழும் கேபின்களாக இருந்தால் நல்லது. மேலே தடாக டெக் என்றால் விடியுமுன்னே கதிரை இழுக்கும் சத்தம். மேலே சமையற்கூடம் என்றால் தள்ளுவண்டிச் சத்தம். கீழே அரங்கு என்றால் இரவு வரை பாஸ் ஒலி. முன்பக்கக் கீழ்டெக்கில் துறைமுகம் அணையும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகளின் அதிர்வு அதிகாலையிலேயே எழுப்பிவிடும். குமட்டல் உள்ளவருக்கு நடுப்பகுதிக் கீழ்டெக். பிளானில் பெயரில்லாமல் வெள்ளையாக விட்ட இடங்கள் ஊழியர் பகுதிகள், அதற்கு ஒட்டிய கேபினைத் தவிருங்கள். லிப்ட் வாசலை ஒட்டியதும் வேண்டாம், ஆறேழு கதவு தள்ளி இருந்தால் சத்தமும் இல்லை, நடையும் இல்லை.

மலிவாக ஒரு கட்டணம் காட்டி, கேபின் இலக்கத்தைக் கப்பல் நிறுவனமே பிறகு ஒதுக்கும் என்பார்கள். இருவர் மட்டும் போனால் அதை எடுக்கலாம். மூன்று கேபின் போடும் குடும்பம் எடுத்தால் ஒன்று 6ஆம் டெக் முன்பக்கம், ஒன்று 11ஆம் டெக் பின்பக்கம் என்று சிதறும், நிரம்பிய கப்பலில் பிறகு மாற்ற வழியிருக்காது. வீல்செயார் பாவிப்பவர் இருந்தால் சாதாரண கேபினின் கதவு அதற்குப் போதாமல் போகலாம். அகலக் கதவுள்ள கேபின்கள் ஒவ்வொரு கப்பலிலும் கொஞ்சம்தான், விடுமுறைத் திகதிகளில் முதலில் முடிவதும் அவைதான். விமான டிக்கெட்டைப் போடுமுன் அந்தக் கேபினின் இலக்கத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.