22 பேரு, ஒரு உறைஞ்ச குளம்: 5-க்கு 3 ஸ்டார்

டொராண்டோ ஹை பார்க்ல கிரெனடியர் பாண்டச் சுத்தி குளிர்கால வைல்ட்லைஃப் வாக், ரெண்டு மணி நேரம், ஆளுக்கு 25 டாலர்னு போட்டிருந்தாங்க. போன சனிக்கிழம நானும் வீட்டுக்காரரும் போனோம், மைனஸ் 11. சப்வே ஸ்டேஷன் பார்க் வாசல்லயே இருக்கு, கார் எடுக்க வேணாம்.

மொத்தம் 22 பேரு, அதான் மொத கோளாறே. அத்தன பூட்ஸும் பனிய நறநறன்னு மிதிச்சுட்டு வளவளன்னு பேசிட்டுப் போனா எந்த மிருகம்ங்க நிக்கும்? முக்கா மணி நேரம் கண்ணுல பட்டது கறுப்பு அணில் மட்டும்தான், அத எங்க வீட்டு குப்பத்தொட்டி மேலயே தினம் ஓசில பாக்குறேன்.

ஆனா கைடு பொண்ணு பனில தடம் பாக்கச் சொல்லிக்குடுத்துச்சு பாருங்க, அதுக்கே காசு தகும். நாய்னா மோந்துகிட்டே அங்கயும் இங்கயும் அலையும், கயோட்டி (ஓநாய் மாதிரி ஒரு காட்டு மிருகம்) நூல் புடிச்ச மாதிரி போகும், முன்னங்கால் பதிஞ்ச குழியிலயே பின்னங்காலயும் வெச்சுரும். நாணல் ஓரத்துலேருந்து குளத்துக்கு குறுக்கால அப்பிடி ஒரு வரிச போயிருந்துச்சு, ஒரு எட்டு கூட விலகல.

ஒரு மூலைல மட்டும் தண்ணி உறையல, அங்க மல்லார்ட் வாத்துங்களோட ரெண்டு ட்ரம்பெட்டர் அன்னம். கழுத்த முக்கி மேஞ்சுட்டு தலையத் தூக்குனா, நெஞ்சுல வழிஞ்ச தண்ணி இறகு நுனில மணி மணியா உறைஞ்சு நிக்குது. 1886-லயே ஒன்டாரியோல இந்த அன்னம் பூண்டோட போச்சாம், 1982-ல ஹாரி லம்ஸ்டன்னு ஒரு உயிரியலாளர் மறுபடி வளத்து விட ஆரம்பிச்சாராம்.

கடுப்பானது கடைசில. எந்த விலங்குக்கும் தீனி போடாதீங்கன்னு போர்டு இருக்கு, அதுக்குப் பக்கத்துலயே கூட வந்த அசிஸ்டென்ட் சூரியகாந்தி வெதைய ஆளுக்கு ஒரு புடி குடுத்து சிக்கடீ குருவியோட போட்டோ எடுக்கச் சொல்றாரு. பொய் சொல்ல மாட்டேன், நானும்தான் கைய நீட்டுனேன். கனமே தெரியல, விரல்ல நகம் மட்டும் குத்துச்சு. அதுக்காக காசு வாங்கிட்டு கூட்டிட்டுப் போறவங்களே இப்பிடி பண்ணலாமா?

போறவங்க சாக்ஸ் ரெண்டு ஜோடி போட்டுக்கோங்க, அங்கங்க நின்னு நின்னு கால் மரத்துப்போகுது. அடுத்த வாரம் காலைல ஏழு மணிக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடி நாமளே போயி தடம் தேடலாம்னு நச்சரிச்சுட்டு இருக்கேன், மனுஷன் போர்வைய விட்டு தலைய நீட்ட மாட்டேங்குறாரு.