பழைய ஜீப்பைப் பட்டறையில் விடுமுன் கிரவுன் பல்லை எண்ணிவிடுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஃபோர் வீல் ஜீப் வாங்கி, குறைந்த செலவில் காடு மேடு ஓட்டத் தயார் செய்யலாம் என்று நினைக்கிற எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். கிரவுன் என்பது அச்சுக்கு நடுவே இருந்து சக்கரத்தைச் சுற்றவைக்கிற பெரிய பல்சக்கரம், அதை மாற்றித்தான் என்னை ஏமாற்றினார்கள். எனக்குப் போன பணம் போனதுதான். இன்னொருவருக்குப் போகக் கூடாது. பட்டறையின் பெயரை எழுதவில்லை, யாரும் கேட்கவும் வேண்டாம். இந்த வேலையை யார் வேண்டுமானாலும் யாருக்கும் செய்யலாம் என்பதால், எப்படி நடந்தது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

வண்டி 1994 மாடல் மகிந்திரா எம்எம் 540. பெஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் கேஸுக்குத் தனியாக இரண்டு லிவர். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றது. ஆர்சி சரியாக இருந்தது, சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒத்துப்போயின. 2,20,000 கொடுத்து எடுத்து வந்தேன். மகிந்திராவின் புது தார் ஜீப் வாங்கும் வசதி எனக்கு இல்லை. தவிர, இந்தப் பழைய வண்டியில் எலக்ட்ரானிக்ஸ் என்று எதுவுமே கிடையாது, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் வழியிலேயே சரிபண்ணிவிடலாம். அந்த விவசாயி ஒன்று சொன்னார்: "தம்பி, இதுல ஃபோர் வீல் நல்லாப் பிடிக்கும், மழைக்காலத்துல வயக்காட்டுல டிராக்டரையே கட்டி இழுத்திருக்கேன்." அந்த வார்த்தையின் மதிப்பு எனக்கு எட்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

என் திட்டம் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்பிரிங் பட்டைகளைச் சரிபண்ணி வண்டியைக் கொஞ்சம் தூக்குவது, நல்ல பட்டன் டயர் நாலு, துருப்பிடித்த தரைத் தகடு மாற்றுவது, பிரேக், முன்னாலும் பின்னாலும் இழுவைக் கொக்கி. அவ்வளவுதான். பட்டறைக்காரர் நன்றாகப் பேசினார். அவரிடம் ஏற்கெனவே நாலைந்து ஜீப் நின்றது, அதைப் பார்த்ததும் ஆள் அனுபவசாலி என்று முடிவு கட்டிவிட்டேன். மொத்தம் 1,40,000 ஆகும், 60,000 முன்பணம், தீபாவளிக்குள் வண்டி கையில். எல்லாம் துண்டுச் சீட்டில்தான். அச்சடித்த பில் கேட்டபோது, "நம்ம ஊர்க்காரங்களுக்குள்ள எதுக்குண்ணே பில்லு?" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அந்த இடத்தில் நான் விட்டிருக்கக் கூடாது.

ஐப்பசியில் ஒரு நாள் ஃபோன் வந்தது. "அண்ணே, பின் கிரவுன் சத்தம் கொடுக்குது, பிரிச்சுப் பார்த்தேன், பல்லு தேஞ்சுபோச்சு. இப்படியே ஓட்டுனா நடுக்காட்டுல நின்னுரும்." கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு படம். கிரீஸ் வழிய ஒரு கிரவுன் வீல். எனக்கு அதில் என்ன தெரியப்போகிறது? புது கிரவுனும் அதோடு கோத்துச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் சேர்ந்த செட், கூலியோடு 28,000 என்றார். போடுங்கள் என்றேன். வேலை தீபாவளி தாண்டி, கார்த்திகை தாண்டி, தைப்பொங்கல் முடிந்துதான் முடிந்தது. கடைசியில் கணக்கு 2,35,000-இல் வந்து நின்றது. வண்டி வாங்கிய விலையைவிட அதிகம்.

டெலிவரி கொடுக்கும் அன்று அவரே என்னைக் கூட்டிக்கொண்டு மணிமுத்தாற்று மணலில் இறங்கி ஃபோர் வீல் போட்டுக் காட்டினார். மணலைக் கிழித்துக்கொண்டு போனது. சந்தோஷத்தில் அங்கேயே மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். மணலில் வைத்து ஏன் காட்டினார் என்று பிறகுதான் விளங்கியது.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். இன்ஜின் முன்புபோல அலறவில்லை, ஓட்டம் கூடியிருந்தது. தேவகோட்டை ரோட்டில் மீட்டர் 60 காட்டும்போது ஃபோன் ஜிபிஎஸ்ஸில் 66 காட்டியது. பழைய மீட்டர், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்தமாதிரி இருந்தது. அதற்கும் மாற்றிய டயர்தான் காரணம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாசி வரை பிரச்சினை இல்லை. கண்மாயில் தண்ணீர் வடியாத ஓரம், சேறு, மணல் எல்லாவற்றிலும் போனோம். பங்குனியில் எங்கள் ஊர்க் கண்மாய் காய்ந்துவிட்டது. நம் பக்கத்துச் செம்மண்ணைப் பற்றித் தெரியும்தானே, ஈரமாக இருக்கும்போது வெண்ணெய், காய்ந்தால் செம்பூராங்கல்லுக்குச் சமம். கரையில் ஏற ஃபோர் வீலில் லோ கியர் போட்டு, மேலே போய் வண்டியைத் திருப்பினேன். ஸ்டீயரிங் கையை உதறியது. டயர் நறநறவென்று தரையை அரைத்தது. ஃபோர் வீலை எடுக்கலாம் என்று லிவரை இழுத்தால் இம்மி அசையவில்லை. இன்னும் பத்தடி நகர்த்தியிருப்பேன், அடியில் துப்பாக்கி வெடித்தமாதிரி ஒரு சத்தம். முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டான முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டில் இருக்கிற கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. கரைக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு அடிப் பள்ளம். பக்கத்து சீட்டில் என் அக்கா மகன் உட்கார்ந்திருந்தான். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பட்டறைக்காரர் ஃபோனில், "கட்டாந்தரையில ஃபோர் வீல் போட்டா உடையத்தான் செய்யும்ணே" என்றார். இதில் பாதி உண்மை இருக்கிறது. இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே வேக வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கிற டிஃபரன்ஷியல் கிடையாது, தார்ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் இறுக்கத்தான் செய்யும். ஆனால் பத்தடியில் கிராஸ் உடையும் அளவுக்கு இறுகுவது சாதாரணம் இல்லை. அந்தப் பாதி உண்மையால்தான் இன்னும் ஒரு மாதம் அவரை நம்பினேன்.

கண்டுபிடித்தது எங்கள் மாமா. பஸ் டெப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கிரவுன் இருக்கிற பின் அச்சுக் கூட்டின் (ஹவுசிங்) ஆயிலைப் பார்க்கலாம் என்று பிளக்கைக் கழற்றினார். ஆயில் பால் டீ நிறத்தில் இறங்கியது. தண்ணீர் போயிருக்கிறது. அந்தக் கூட்டுக்குள் காற்று போய்வருகிற மூச்சுக்குழாய் அடைத்துக் கிடந்தது, பட்டறையில் அதைத் தொடவே இல்லை. "இருடா, ஒண்ணு பார்ப்போம்" என்று ஒரு சாக்பீஸ் கேட்டார்.

அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் உதவும். கியர், டிரான்ஸ்பர் கேஸ் இரண்டையும் நியூட்ரலில் போட்டார். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட வேண்டும், அதனால் தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்தார். சக்கரத்தில் ஒரு கோடு, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டில் ஒரு கோடு. மற்ற சக்கரம் தரையில் நிற்பதால், தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால் கிரவுன் ஒரு சுற்றுச் சுற்றும். நான் அடியில் படுத்து ஷாஃப்ட்டை எண்ணினேன். ஐந்து வரவில்லை, கொஞ்சம் குறைந்தது. "நாலே முக்காலே அரைக்கால்" என்றார் மாமா. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. முன்னால் அதேபோலச் செய்தோம். ஐந்தைத் தாண்டிப் போனது. "அஞ்சே காலே அரைக்கால்." எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "முன்னாடி 8-க்கு 43, பின்னாடி 8-க்கு 39. இது எப்படிடா ஓடும்?" என்றார்.

பின் கவரைத் திறந்தோம். கிரவுன் விளிம்பைத் துணியால் துடைத்ததும் 39 8 என்று குத்தியிருந்தது தெரிந்தது. பல்லில் அம்மைத் தழும்பு போலக் குழி. புது செட்டில் எங்கிருந்து குழி வரும்? உடைத்துப் போட்ட ஏதோ ஒரு வண்டியில் இருந்ததைத்தான் மாட்டியிருந்தார்கள்.

விஷயம் இதுதான். பினியனில் 8 பல், கிரவுனில் 43 பல் என்றால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 5.375 சுற்றுச் சுற்ற வேண்டும். 39 பல் என்றால் 4.875 போதும். ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். அப்போது பின் சக்கரம் முன் சக்கரத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு வேகமாக ஓடப் பார்க்கும். மணலிலும் சேற்றிலும் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும், உங்களுக்கு எதுவும் தெரியாது. கட்டாந்தரையில் வழுக்க இடமில்லை, ஏதாவது ஒன்று உடைந்தே ஆகும். மீட்டர் 60, ஃபோன் 66 என்பதும் இதே கணக்குதான். வண்டி முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டது, எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

பட்டறைக்குப் போனோம். "வரும்போதே அப்படித்தாண்ணே இருந்துச்சு" என்றார். அப்படியானால் புது செட் என்று வாங்கிய 28,000 எங்கே என்றதற்கு, புதுசுதான் போட்டேன், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று பேச்சை மாற்றினார். அன்றிரவு அவர் ஐப்பசியில் அனுப்பிய அந்த வாட்ஸ்அப் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிரீஸுக்கு நடுவே 43 8 என்று தெளிவாகத் தெரிந்தது. பல்லெல்லாம் பளிச்சென்று முனை மழுங்காமல் இருந்தது. தேய்ந்துபோனது என்று காட்டுவதற்கு அவரே அனுப்பிய படம் அது. என் நல்ல செட்டைக் கழற்றிவிட்டு, கழித்துக்கட்டிய ஒன்றை மாட்டி, அதற்குப் புது விலையும் வாங்கியிருக்கிறார். பழைய சாமானுக்கு மதிப்புத் தெரிந்த ஊர் நம்முடையது. இடிக்கிற வீட்டு நிலைக்கதவு என்ன விலை போகும் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். பழைய ஜீப்பின் வயிற்றுக்குள் இருக்கிற ஒரிஜினல் சாமானும் அதேமாதிரிதான் விலை போகிறது, வண்டிக்காரனுக்கு மட்டும் அது தெரிவதில்லை.

டயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் ஓடியது என்று ஒன்று 6,500 வீதம் நாலு போட்டார். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அந்த எழுத்து உள்பக்கம் போகும்படி மாட்டியிருந்தார்கள். படுத்துப் பார்த்தால் 1114. அதாவது 2014-இல் பதினொன்றாவது வாரம் செய்தது. கறுப்புப் பாலிஷைத் துடைத்தால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ஸ்பிரிங்கில் ஒரு பட்டை விரிசலோடு பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தது, தரைத் தகட்டில் பாதி வெறும் பட்டிப் பூச்சு. இதையெல்லாம் எழுதினால் முடியாது.

மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிற ஊர்க்காரர்கள் நாம், இதிலும் பல்லைத்தான் பார்க்க வேண்டும். பட்டறைக்கு வண்டியை விடுமுன் முன்னும் பின்னும் சாக்பீஸ் கோடு போட்டுச் சுற்றி எண்ணி, வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், பம்ப் எல்லாவற்றிலும் உள்ள எண்களைப் படம் எடுங்கள். கழற்றுகிற பழைய சாமான் அத்தனையும் என் கையில் வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லி, வாங்கியும் விடுங்கள். ஃபோர் வீலைக் கட்டாந்தரையில் நேராக ஓட்டிப் பார்த்து, லிவர் கழன்று வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கடைசிப் பணம். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) பற்றி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, மாட்டிக்கொண்டால் ஆர்சி நம் பெயரில்தான் இருக்கிறது.

பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லாமலே வழக்குப் போடலாம், நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், 1915 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். என்னிடம் இருப்பது துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய ஃபோன் பதிவு, அந்த ஒரு படம். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் பட்டறைக்காரர் 10,000 கொடுத்து அனுப்பினார். வாங்கிக்கொண்டேன், மனுவை நிறுத்தவில்லை.

திருச்சியில் பழைய சாமான் கடையில் 8-க்கு 43 செட் ஒன்று போன வாரம் கிடைத்தது. மாமாவே மாட்டினார். மூச்சுக்குழாய்க்குப் புது ரப்பர் டியூப் போட்டு மேலே தூக்கிக் கட்டினோம். திரும்பவும் சாக்பீஸ், நான் அடியில். முன்னால் அஞ்சே காலே அரைக்கால், பின்னால் அஞ்சே காலே அரைக்கால். மறுநாள் காலையில் அதே கண்மாய்க் கரையில் ஏறி, அதே கட்டாந்தரையில் மெதுவாகத் திருப்பி நிறுத்தினேன். லிவர் இரண்டு விரலில் கழன்று வந்தது.