வாட்ஸ்அப் பட்டனா, கூகுள் ஃபார்மா, சொந்தப் படிவமா? வக்கீல் ஆபீஸ் வெப்சைட்டுக்கு எது சரி

சென்னை தம்புச் செட்டித் தெருவில் இரண்டு அறை, ஒரு சீனியர், மூன்று ஜூனியர், ஒரு குமாஸ்தா. இந்த அளவு ஆபீஸ் வெப்சைட் போடும்போது ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு ஃபோட்டோ தேடுவதிலேயே ஒரு மாதம் ஓடிவிடும். ‘தொடர்புக்கு’ பக்கம் ஐந்து நிமிடத்தில் முடிவாகும். "வாட்ஸ்அப் பட்டன் போட்டுடலாமா சார்?" என்று டிசைனர் கேட்பார், சார் தலையாட்டுவார். வருகிறவரின் பெயர், நம்பர், வீட்டுச் சண்டை, சொத்துத் தகராறு எல்லாம் உள்ளே வரும் வாசல் அந்தப் பக்கம்தான்.

நடைமுறையில் மூன்று வழி உண்டு. வாட்ஸ்அப் பட்டன், கூகுள் ஃபார்ம், சைட்டுக்குள்ளேயே இருக்கும் சொந்தப் படிவம். நாங்கள் மூன்றாவதைத்தான் வைத்திருக்கிறோம். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறோம்.

செலவில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. செல்போனில் ஒழுங்காகத் தெரியும். சைட்டில் எஸ்எஸ்எல் (முகவரி https என்று தொடங்குவது) இருந்தால் மூன்றுமே வழியில் யாரும் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் ஆகித்தான் போகும். இதையெல்லாம் வைத்துத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. பார்க்க வேண்டியது, தகவல் வந்து சேர்ந்த பிறகு நடப்பது: ஓர் என்கொயரிக்கு எத்தனை பிரதி உண்டாகிறது, அத்தனையையும் பிறகு தேடி அழிக்க முடியுமா?

ஒரே என்கொயரியை மூன்று வழியிலும் அனுப்பிப் பார்க்கலாம். பெரம்பூரிலிருந்து ஒரு பெண். கணவரிடமிருந்து பிரிய நினைக்கிறார். நான்கு வரி எழுதி, திருமணப் பதிவுச் சான்றிதழையும் ஆஸ்பத்திரி சீட்டையும் படம் பிடித்துச் சேர்க்கிறார்.

வாட்ஸ்அப்பில் அது ஆபீஸ் போனுக்கு வரும். ஆண்ட்ராய்டில் ‘மீடியா விசிபிலிட்டி’யை அணைத்து வைக்காவிட்டால் இரண்டு படமும் கேலரியில் விழும். கூகுள் ஃபோட்டோஸ் பேக்கப்பில் வாட்ஸ்அப் ஃபோல்டருக்கும் டிக் இருந்தால் அங்கே ஒரு பிரதி. வாட்ஸ்அப்பின் சொந்த பேக்கப் கூகுள் கணக்கில் இன்னொன்று. சாட்டுக்குத் தானாக இருக்கும் என்கிரிப்ஷன் இந்த பேக்கப்புக்குக் கிடையாது, செட்டிங்கில் போய் நாமே ஆன் செய்ய வேண்டும். ஒரு கணக்கோடு நான்கு சாதனம் வரை இணைக்கலாம் என்பதால் குமாஸ்தா மேஜையில் வாட்ஸ்அப் வெப் எப்போதும் திறந்தே கிடக்கும். அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் ஒன்று. சீனியர் ஜூனியருக்கு ஃபார்வர்டு செய்தால் அந்த போனில் இதே கதை முதலிலிருந்து. ஜூனியர் பிரின்ட் எடுக்கக் கீழே ஜெராக்ஸ் கடை நம்பருக்குத் தட்டிவிட்டால் கடைக்காரர் போனிலும் ஆஸ்பத்திரி சீட்டு.

ஆறு மாதம் கழித்து அந்தப் பெண், "சேர்ந்து வாழறதா முடிவு பண்ணிட்டோம், நான் அனுப்பினதை அழிச்சிடுங்க" என்றால் என்ன செய்வது? ‘எல்லோருக்கும் அழி’ வசதிக்கு ஏறக்குறைய இரண்டு நாள்தான் கெடு. மறையும் மெசேஜ்களை 90 நாளுக்கு வைத்திருந்தால் சாட் காலியாகும், கேலரிக்கு இறங்கிய படம் இறங்கியதுதான். ஜூனியர் வேறு சீனியரிடம் போய்விட்டால் போனும் அவரோடு போகும்.

கூகுள் ஃபார்ம் கொஞ்சம் மேல். ஆனால் அதில் வேறு மாதிரி வழுக்கல். பதில்கள் ஃபார்முக்குள் இருக்கும். கூகுள் ஷீட் இணைத்திருந்தால் அங்கே ஒரு வரிசையாகவும் விழும். இரண்டும் தனித்தனி. ஃபார்மில் அழித்தால் ஷீட்டில் போகாது, ஷீட்டில் அழித்தால் ஃபார்மில் போகாது. ஷீட்டில் அழித்த வரிசையை ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் போய்த் திரும்பப் பார்க்கவும் முடியும். ஃபைல் அப்லோட் வைத்தால் சான்றிதழ் டிரைவ் ஃபோல்டரில் தங்கும். பதிலை அழித்தாலும் ஃபைல் அங்கேயே கிடக்கும். அப்லோட் செய்கிறவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்தாக வேண்டும் என்பது இன்னொரு தொல்லை; வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கை வைத்திருந்தால் அந்தப் பெண் அதைத்தான் பயன்படுத்துவார்.

இதைவிடப் பெரிய சிக்கல், ஃபார்ம் யார் பெயரில் இருக்கிறது என்பது. பெரும்பாலும் டிசைனர் தன் சொந்த ஜிமெயிலில் செய்து லிங்க்கைக் கொடுத்திருப்பார். அப்படியானால் உங்கள் ஆபீஸுக்கு வந்த அத்தனை என்கொயரிக்கும் சொந்தக்காரர் அவர்தான். இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம்: ஃபார்மைத் திறந்து, பகிர்வுப் பட்டியலில் ‘ஓனர்’ யாரென்று பாருங்கள். செட்டிங்கில் ‘ரிசல்ட்ஸ் சம்மரி’யைக் காட்டும் பட்டன் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஆன் ஆகியிருந்தால் அடுத்து நிரப்புகிறவர் முந்தையவர்கள் எழுதியதைப் படிக்கலாம்.

சொந்தப் படிவத்துக்கு வருவோம். வேர்ட்பிரஸ் சைட் என்று வைத்துக்கொண்டால் ‘காண்டாக்ட் ஃபார்ம் 7’ என்ற பிளகின் (சைட்டோடு சேர்க்கும் சிறு மென்பொருள்) போதும். எங்களை இழுத்தது அதன் ஒரு குணம்: அது எதையும் டேட்டாபேஸில் சேமிக்காது. வந்ததை மின்னஞ்சலாக அனுப்பிவிட்டுக் கைகழுவிவிடும். ஒரே பிரதி, ஒரே பெட்டி. சைட்டை யாராவது உடைத்து உள்ளே வந்தாலும் பழைய என்கொயரி அங்கே இருக்காது.

ஆனால் இந்தக் குணத்தைக் கெடுக்க ஐந்தாறு வழி உண்டு. டிசைனர்கள் நல்லெண்ணத்தோடுதான் கெடுப்பார்கள். முதலாவது ‘ஃபிளமிங்கோ’ என்ற துணை பிளகின். வருவதையெல்லாம் சைட்டிலேயே சேமிப்பதுதான் அதன் வேலை. இருந்தால் உள்ளே இருப்பதைக் காலி செய்துவிட்டு நீக்குங்கள். அடுத்தது, மெயிலை வெளி மெயில் சேவை வழியாக அனுப்பும் எஸ்எம்டிபி பிளகின். சர்வரின் சொந்த மெயில் பெரும்பாலும் ஸ்பேமில் விழும் என்பதால் இது தேவைதான். ஆனால் இவற்றில் சில, அனுப்பும் ஒவ்வொரு மெயிலையும் ‘லாக்’ என்ற பெயரில் முழுசாகச் சேமிக்கும். 2025இல் ‘போஸ்ட் எஸ்எம்டிபி’ பிளகினில் வெளியான ஓட்டை இதேதான்: சைட்டில் உள்நுழையாத ஆள்கூட அந்த லாக்கைப் படிக்க முடிந்தது. எந்த பிளகினாக இருந்தாலும் லாக்கை அணைத்துவிடுங்கள்.

காண்டாக்ட் ஃபார்ம் 7இல் ‘மெயில் 2’ என்று ஒரு பகுதி இருக்கும். நிரப்பியவருக்கே தானாகப் பதில் அனுப்புவது. முதலில் அணைந்துதான் இருக்கும், அப்படியே விடுங்கள். "உங்கள் விவாகரத்து தொடர்பான என்கொயரி கிடைத்தது" என்று கணவரும் பார்க்கும் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. உங்கள் பக்கம் வரும் மெயிலின் சப்ஜெக்ட் வரியிலும் பெயரோ வழக்கின் வகையோ வேண்டாம். ‘புதிய என்கொயரி’ என்பது போதும். ஜூனியரின் போன் லாக் ஸ்கிரீனில் தெரிவது அந்த ஒரு வரிதான். பெறுவதற்குத் தனிப் பெட்டி ஒன்று வையுங்கள், சீனியரின் சொந்த ஜிமெயிலுக்குத் திருப்பிவிட வேண்டாம். இரண்டு பேருக்கு மட்டும் அனுமதி, இரண்டடுக்குச் சரிபார்ப்பு. நம்மூர் ஸோஹோவோ கூகுள் வொர்க்ஸ்பேஸோ, எதுவானாலும் சரி. ஹோஸ்டிங்கோடு (சைட்டை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர்) இலவசமாக வரும் மெயில் மட்டும் வேண்டாம். சைட்டின் பேக்கப்போடு மெயிலும் சேர்ந்து பேக்கப் ஆகி, யாரும் நினைவில் வைத்திராத ஒரு பிரதி உருவாகிவிடும்.

குறையையும் சொல்லிவிடுகிறோம். சேமிப்பதில்லை என்பதால் மெயில் வழியில் தொலைந்தால் என்கொயரியே தொலைந்தது. அனுப்பியவருக்கு ‘நன்றி’ என்று பச்சைப் பெட்டி தெரியும், உங்களுக்கு ஒன்றும் வந்திருக்காது. எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளை (மெயில் உங்கள் பெயரில்தான் வருகிறது என்று காட்டுபவை) டொமைனில் சரியாகப் போட்டு, திங்கள்தோறும் குமாஸ்தா ஒரு சோதனை என்கொயரி அனுப்பி வந்ததா என்று பார்ப்பதுதான் இதற்கு மருந்து. வாட்ஸ்அப்பில் இந்தக் கவலையே கிடையாது, ஒத்துக்கொள்கிறோம்.

இனி அழிப்பது. எங்கள் தேர்வு இதில்தான் முடிவானது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு கொடுப்பது, சம்மதம் வாங்குவது, அழிப்பது போன்ற முக்கியக் கடமைகள் அங்கிருந்து 18 மாதத்தில், அதாவது 2027 மே மாதத்தில் அமலாகும். நோக்கம் முடிந்தால் தகவலை அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். விதியோ, தகவலையும் அது கையாளப்பட்ட விவரப் பதிவையும் குறைந்தது ஓராண்டு வைத்திரு, பிறகு அழி என்கிறது. ஆக, வந்த அன்றே அழிப்பதும் சரிப்படாது, ஏழு வருஷம் மறந்து கிடப்பதும் சரிப்படாது. ஓராண்டு ஓர் இடத்தில் பூட்டி வைத்து, பிறகு அந்த ஓர் இடத்தைக் காலி செய்யத் தெரிய வேண்டும். ஒன்பது இடத்தில் பிரதி உள்ள வாட்ஸ்அப்பில் இதை யார், எங்கே தொடங்குவது?

மெயில் பெட்டியில் வேலை இவ்வளவுதான். வரும் ஒவ்வொரு மெயிலுக்கும் மாத லேபிள்: ‘2026-03’. வழக்காக எடுத்துக்கொண்டால் அதைக் கேஸ் கட்டுக்கு மாற்றி, லேபிளை எடுத்துவிட வேண்டும்; அதற்குக் கெடு வேறு. எடுக்காதவை லேபிளிலேயே இருக்கட்டும். ஏப்ரல் 2027 முதல் வேலைநாளில் மார்ச் 2026 லேபிளை மொத்தமாகத் தேர்ந்து அழித்து, ட்ராஷையும் காலி செய்ய வேண்டும். ஜிமெயிலில் ட்ராஷ் தானாகக் காலியாக 30 நாள் எடுக்கும், அதுவரை காத்திருக்காதீர்கள். பத்து நிமிட வேலை. அழித்த தேதியை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் நாளைக்கு யாராவது கேட்டால் காட்டலாம்.

டிசைனரும் ஹோஸ்டிங் கம்பெனியும் உங்களுக்காகத் தகவலைக் கையாளுகிறவர்கள். அவர்கள் செய்யும் தவறுக்கும் சட்டப்படி பொறுப்பு ஆபீஸுக்குத்தான். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். தம்புச் செட்டித் தெருவுக்கு அந்தத் தொகை வராது என்றே வைத்துக்கொள்வோம். கட்சிக்காரரின் ரகசியத்தைக் காக்கும் கடமை பாரதிய சாக்‌ஷிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 132ஆம் பிரிவில் உட்கார்ந்திருக்கிறதே, அதற்கு எந்த டிசைனரையும் கைகாட்ட முடியாது.

படிவத்தில் என்ன கேட்பது என்பதிலும் சொந்தப் படிவத்துக்கு ஒரு சாதகம் உண்டு. ‘உங்கள் பிரச்சினையை விவரிக்கவும்’ என்ற பெரிய பெட்டியை வைக்கவே வைக்காதீர்கள். பெரம்பூர்ப் பெண்ணின் கணவர் போன வாரமே உங்களிடம் வக்காலத்து கொடுத்திருந்தால், அந்தப் பெண் எழுதிய நான்கு வரியைப் படித்த நொடியில் நீங்கள் சங்கடத்தில். பெயர், போன், எதிர்த்தரப்பின் பெயர், வகை (குடும்பம், சொத்து, கிரிமினல், மற்றவை), எந்த நேரத்தில் அழைத்தால் பாதுகாப்பு. இந்த ஐந்து போதும். ஃபைல் அப்லோட் வேண்டாம். ஆவணத்தை நேரில் கொண்டுவரட்டும். வாட்ஸ்அப்பில் இந்தக் கட்டுப்பாடு நடக்காது. "வணக்கம் சார்" என்று தொடங்கி மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜில் எல்லாம் வந்துவிடும்.

அனுப்பும் பட்டனுக்கு மேலே, டிக் போடாத பெட்டியோடு இப்படி ஓர் அறிவிப்பு:

"நீங்கள் தரும் இந்த ஐந்து விவரங்களை, உங்களைத் திரும்ப அழைக்கவும், எதிர்த்தரப்பு ஏற்கெனவே எங்கள் கட்சிக்காரரா என்று பார்க்கவும் மட்டும் பயன்படுத்துவோம். வழக்காக எடுக்காவிட்டால் ஓராண்டு முடிந்ததும் அழித்துவிடுவோம். விவரத்தைப் பார்க்க, திருத்த, சம்மதத்தைத் திரும்பப் பெற, கீழுள்ள மின்னஞ்சலுக்கு ஒரு வரி எழுதினால் போதும். எங்கள் பதில் திருப்தி தராவிட்டால் இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் முறையிடலாம். இதை அனுப்புவதால் மட்டும் நாங்கள் உங்கள் வக்கீலாகிவிட மாட்டோம்."

தமிழிலும் வையுங்கள். ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வசதியைச் சட்டமே கேட்கிறது.

சைட்டில் நுழைந்ததும் குதிக்கும் ‘நான் ஒப்புக்கொள்கிறேன்’ பெட்டி இதற்கு ஈடாகாது. அது, வக்கீல்கள் விளம்பரம் செய்து ஆள்பிடிக்கக் கூடாது என்கிற பார் கவுன்சில் விதி 36க்காக, வந்தவர் தானாகத்தான் வந்தார், நாங்கள் அழைக்கவில்லை என்று சொல்வதற்காக வைப்பது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெட்டி திரையை மறைத்துக்கொண்டு நிற்கும்போதே பின்னால், எந்தப் பக்கம் பார்க்கப்பட்டது என்று கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் ஓட ஆரம்பித்திருக்கும். விவாகரத்துப் பக்கத்தைப் பார்த்தார் என்பதே ஒரு தகவல்தான். ஃபேஸ்புக் விளம்பரத்துக்காக வருகிறவரைப் பின்தொடரும் மெட்டா பிக்சல் இருந்தால் எடுத்துவிடுங்கள், வக்கீல் சைட்டில் அதற்கு வேலையே இல்லை. அனலிட்டிக்ஸ் வேண்டுமென்றால் தகவல் வைத்திருக்கும் காலம் 14 மாதமாக இருந்தால் 2 மாதமாக்குங்கள். விளம்பரம், ஆள்பிடிப்பு விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் காட்டிய கண்டிப்புக்குப் பிறகு, ‘இப்போதே சாட் செய்யுங்கள்!’ என்று துள்ளும் பட்டன் எப்படியும் புத்திசாலித்தனம் இல்லை.

காசு கொடுத்து வாங்கும் ‘கிராவிட்டி ஃபார்ம்ஸ்’ போன்றவற்றில், இத்தனை நாளில் தானாக அழி, ஐபி முகவரியைச் சேமிக்காதே என்ற வசதிகள் உண்டு. என்கொயரி நிறைய வரும் பெரிய ஃபர்முக்கு அது நல்லதாக இருக்கலாம். சில மாதம்தான் கையாண்டிருக்கிறோம், அதனால் தீர்ப்பு சொல்லவில்லை.

வாட்ஸ்அப் இல்லாமல் முடியாது என்கிற ஆபீஸ்களும் உண்டு. எழுத்துக்கூட்டிப் படிவம் நிரப்ப முடியாதவர்கள் வரும் தொழிலாளர் வழக்கு ஆபீஸில் அது நியாயம்தான். அப்படியானால் ஆபீஸுக்கென்று தனி போன், மீடியா விசிபிலிட்டி ஆஃப், பேக்கப்புக்கு என்கிரிப்ஷன், ஃபார்வர்டு செய்யக் கூடாது என்ற கறார். கூடவே ஒரு லேசர் பிரின்டர். நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஜெராக்ஸ் கடை போனில் இருக்கும் பிரதியை அழிக்க உங்களிடம் பட்டன் கிடையாது.